நடுப்பக்கத்தில் வைத்த பூ

21 ஜனவரி 2025, செவ்வாய்

இன்றும் இரண்டு டியூஷன் போஸ்டர். இரண்டு சேர்மாரும் தலையைச் சுற்றி ஒளிவட்டம் கேட்டார்கள். பௌதிகவியலுக்கு நீலம், இரசாயனவியலுக்கு மஞ்சள். எதிரெதிர்ச் சுவர்களில் ஒட்டுவார்கள். இனி பரீட்சை முடியும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எட்டு வருடமாகக் கல்முனையில் இந்த அச்சகத்துக் கணினிக்கு முன்னால் இருக்கிறேன். ஊரில் என் கை படாத முகம் குறைவு. ஆண் முகங்களைச் சொல்கிறேன்.

பின்னேரம் கிருஷாந்தினி வந்தாள். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவள், ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த சேர்ச்சில் ஓகன் வாசிக்கிறவள். போன வருடம் கரோல் பாட்டுப் புத்தகம் அடிக்க வந்த பழக்கம். ஒரு கொப்பியை மேசையில் வைத்தாள்.

"இசைக்கெண்டு ஒரு சஞ்சிகை, ஜெனூ. நம்மட கரையில பாடுறவங்க, வாசிக்கிறவங்க, ஸ்பீக்கர் கட்டுறவங்க, எல்லாரும். சினிமாக்காரர் ஒராளும் இல்ல. நீங்க டிசைன் பண்ணுவீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? அவள் போனதும் வெற்றுத்தாளில் பக்கங்களைக் கோடு போட்டுப் பார்த்தேன். ஒளிவட்டம் இல்லாத பக்கங்கள்.

26 ஜனவரி, ஞாயிறு

பெயர் வைக்கும் படலம். கிருஷாந்தினி பதினொரு பெயர் எழுதி வந்தாள். எல்லாம் ராகம், கீதம், நாதம் வகை. "இதெல்லாம் கெசட் அடிக்கிற ரெக்கோடிங் பாருக்கு வெக்கிற பேர்" என்றேன். கோபித்துக்கொண்டாள். கோபம் ஆறியபின் சொன்னாள்: பாடுகிற இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்பது பேரை இல்லையாம், எத்தனை கட்டை என்பதைத்தானாம். கட்டை என்றால் பாடும் சுருதியின் அளவு. அவளுக்கு நாலரை.

"அதுதான் பேர்" என்றேன். நாலரைக் கட்டை.

வீட்டில் தலைப்பெழுத்தை வரைந்தேன். நாலு கோடு, அரைக் கோடு. வாப்பா எட்டிப் பார்த்து, "விறகுக் கடையா மகள்?" என்றார்.

2 பெப்ரவரி, ஞாயிறு

முதலாளி அப்துல் ஸமட் ஹாஜியாரிடம் சொன்னேன். "நம்மட வேல கெடாம என்னத்தையும் அடி" என்றார். முப்பத்திரண்டு பக்கம், நடுவில் கம்பிப் பின். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை, நடுத்தாளின் உள்பக்கம் மட்டும் நாலு கலர். ஆகக் கலர்ப்படம் என்றால் நடுப்பக்கம் ஒன்றுதான். அதை யாருக்குக் கொடுப்பது என்பதே இப்போது எங்கள் சண்டை. கிருஷாந்தினிக்கு நாதஸ்வரக் குழு வேண்டும். எனக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

9 பெப்ரவரி, ஞாயிறு

ஆள் கிடைத்துவிட்டது.

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு முந்திய தெரு. நஸீறா ராத்தா. அக்கா முறை, நாற்பத்தாறு வயது. அபாயா தைக்கிறவ. இருபது வருடமாக, கலியாணத்துக்கு முந்திய இரவு மருதோண்டி வீடுகளில் பெண்கள் பக்கத்தில் பாடுகிறவ. கவியை அங்கேயே கட்டி, மாப்பிள்ளை பெண் பேர்களை அதற்குள்ளே வைத்து, மாப்பிள்ளையின் உம்மாவைக் கிண்டலும் பண்ணிப் பாடுவா. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தபடியே எங்களுக்கு ஒன்று பாடினா:

கார் நாலு நிக்கிது கடப்படி வாசலில
பேர் சொல்லிக் கேட்டாலும் பேசாத மாப்புள

கிருஷாந்தினி போனில் சுருதி பார்த்தாள். ஆறு கட்டைக்குக் கிட்ட, அவளைவிட ஒன்றரைக் கட்டை உயரம். அவளுடைய முகம் போன போக்கை எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

போன வருடம் யாரோ ஒரு கலியாண வீட்டில் ஒளித்துப் பதிவு செய்து வட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். அது ஊரெல்லாம் சுற்றியது, நானும் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் ராத்தாவின் முன் சீட்டில் இரண்டு பிள்ளைகள் அதையே போட்டுக் கேட்டுக்கொண்டு, இது அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒன்று பாடினது என்றார்களாம். "நான்தான், மகள், பாடின எண்டன். ரெண்டும் என்னப் பாத்துச் சிரிச்சிச்சுகள்" என்று சொன்னா. சொல்லும்போது அவவும் சிரித்தா, ஆனால் கை துணியை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டா. "என்ட படம் வருமா?"

கிருஷாந்தினி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், "வரும் ராத்தா. நடுப்பக்கத்துல, கலர்ல." நான்தான்.

"அப்ப அவரிட்டயும் ஒரு சொல் கேட்டுருவம்" என்று அங்கேயே கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்தா. கணவர் ஹிஷாம், தலையில் வேலைத்தொப்பி, பின்னால் இரும்புக் கம்பிகள். "போடுங்க தங்கச்சி. பெருசாப் போடுங்க. இஞ்ச பொடியனுகளுக்கும் காட்டணும்" என்றார்.

16 பெப்ரவரி, ஞாயிறு

எண்பத்து நாலு படம் எடுத்தேன். ராத்தா மூன்று ஸ்கார்ஃப் மாற்றினா. கடைசியில் முதல் கட்டியதே நல்லது என்று மகள் ஹிமாயா தீர்ப்புச் சொன்னாள். பதினைந்து வயசு, நீதவான் மாதிரி இருந்தாள்.

புறப்படும்போது ராத்தா என் கையைப் பிடித்து, "கன்னத்து மச்சத்தக் கொம்பியூட்டரால எடுத்துராதீங்க. அத வெச்சித்தான் சனம் நான் எண்டு கண்டுபிடிக்கும்" என்றா. எடுக்க மாட்டேன் என்றேன். இது இரண்டாவது வாக்கு.

27 பெப்ரவரி, வியாழன்

நடுப்பக்கம் முடிந்தது. இடது பக்கம் முழுக்க நஸீறா ராத்தா, ஓரம் விடாமல். பாடப் போகும் முன் மூச்சு எடுத்த நொடி. வாய் இன்னும் திறக்கவில்லை. வலது பக்கத்தில் பேட்டி, பெரிய மேல் வெளி விட்டு. எழுத்தைச் சின்னதாக்கி வெள்ளையை நிறைய விட்டேன். அச்சகத்தில் யாரும் வெள்ளைக்கு விலை கொடுப்பதில்லை, இடம் வீண் என்பார்கள்.

எட்டு வருடத்தில் என் பெயரைப் போடலாம் என்று தோன்றிய முதல் பக்கம்.

12 மார்ச், புதன்

நோன்பு. பிற்பகலில் கண்ணுக்கு முன் எழுத்து நீந்துகிறது. சஞ்சிகை பெருநாளுக்குப் பிறகுதான்.

28 ஏப்ரல், திங்கள்

ஏ.எல். பரீட்சை முடிவு வந்துவிட்டது. காலையிலிருந்து வாழ்த்துப் பதாகை. இன்று மட்டும் இருபத்து மூன்று. ஆண் பிள்ளைகளுக்குப் படம், பெண் பிள்ளைகளுக்குப் பூ. யாரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. பெயரைப் பார்த்ததும் பூவை வைத்துவிடுவேன். கணினியில் 'பூக்கள்' என்றே ஒரு கோப்பு இருக்கிறது, நாற்பத்தொரு பூ. வைத்தியத்துறைக்குப் போகிற பிள்ளைக்குச் சிவப்பு ரோஜா, கலைப்பிரிவுக்குச் சூரியகாந்தி. அதிலும் தராதரம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் முடிவுக்கும் தெருவில் பதாகை கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த மூன்று பெடியன்கள் நடுவில் ஓர் ஊதாப்பூ, அடியில் என் பெயர். வாப்பா அதைக் கழற்றவிடாமல் மழைக்காலம்வரை வைத்திருந்தார். எனக்கு அப்போது கோபம் வந்ததா? உண்மையில் வரவில்லை. பூ நல்ல தெளிவாக இல்லை, இழுத்துப் பெருப்பித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போதே டிசைன் புத்தி.

6 மே, செவ்வாய்

இறுதிப் புரூஃப் எடுத்து மேசையில் பரப்பியிருந்தேன். முதலாளி சாப்பிடப் போகிற வழியில் நின்றார். நடுப்பக்கத்தைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது ஆர்ர பொஞ்சாதி?"

சாய்ந்தமருது, ஹிஷாம் என்று கட்டாரில் இருக்கிறவர், என்றேன்.

"ம்" என்றார். வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த 'ம்' என்ன 'ம்'?

7 மே, புதன்

அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆர்ர பொஞ்சாதி என்று ஏன் கேட்கவேண்டும்? நாதஸ்வரக்காரரின் படத்தைப் பார்த்து ஆர்ர புருசன் என்று கேட்டாரா? பிடிக்கவில்லை போலிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருப்பாரே. சொல்லாமல் விடுவதுதான் பெரிய ஆட்களின் முறை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிற சனம் அச்சகத்துக்கு முன்னால் நின்று, இது இங்கே அடித்ததாமே, அந்தப் பெட்டை டிசைன் பண்ணினதாமே என்று... வாப்பா அந்த வழியால்தான் நடந்து வருவார்.

அப்படி ஒருவரும் சொல்லவில்லை. நானே எல்லாருக்கும் வசனம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

8 மே, வியாழன்

செய்துவிட்டேன்.

அச்சுப் பிளேட்டுக்குக் கோப்பு அனுப்ப வேண்டிய நாள். பத்து மணிக்கு நடுப்பக்கத்தைத் திறந்தேன். பத்தேகாலுக்கு ராத்தாவின் படம் இல்லை, அந்த இடத்தில் பெரிய ரோஜா. கை தானாகப் போய்விட்டது என்று எழுதினால் பொய். கையோடு நானும் போனேன். பூக்களில் எது பொருத்தம் என்று தெரிவுகூடச் செய்தேன். முதலில் தாமரை வைத்துப் பார்த்தேன், நிறம் கட்டுரைத் தலைப்போடு சேரவில்லை என்று மாற்றினேன். நிறம் பார்க்கிற அளவுக்கு நிதானம் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

கிருஷாந்தினிக்குப் போன் எடுத்தேன். எடுக்கும்போது என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது.

"நஸீறா ராத்தா கோல் எடுத்த, கிருஷா. படம் வேணாமாம்."

"ஏனாம்? நான் ஒருக்கா கதைக்கட்டா?"

"கதைக்க வேணாம். அவ வெக்கப்படுறா."

ஏன்டி ஜெனூபா, இப்பிடிச் சொன்ன? ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், அதுவும் கலர்ப் பூசணிக்காய்.

9 மே, வெள்ளி

கிருஷாந்தினி ஒரு வரி அனுப்பினாள், பூவின் கீழ் போடச் சொல்லி: "பாடகியின் வேண்டுகோளை மதித்து அவரது படம் தவிர்க்கப்பட்டுள்ளது." நல்ல மனசுக்காரி. ஒரு முஸ்லிம் பெண்ணின் விருப்பத்தைத் தான் மதிக்கிறேன் என்று அவளுக்கு ஒரு திருப்தி.

அந்த வரியை நானே தட்டச்சு செய்தேன். எழுத்துப்பிழை பார்த்தேன். பிழையில்லை.

10 மே, சனி

மெஷின் ஓடுகிறது. நிறுத்தச் சொல்லலாம். சொல்லவில்லை.

17 மே, சனி

ஐந்நூறு பிரதி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. முதலாளி ஒன்றை எடுத்துப் புரட்டினார். நடுப்பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பொம்புளட படம் எங்க? நல்லாரிந்திச்சே."

அவ வேண்டாம் என்றுவிட்டா என்று அவருக்கும் சொன்னேன். "அப்பிடியா? அவன் ஹிஷாம்ர வாப்பா என்னோட ஒண்டாப் படிச்சவர். அதான் ஆர்ர பொஞ்சாதி எண்டு கேட்ட" என்றார்.

அவ்வளவுதான் அந்த 'ம்'.

18 மே, ஞாயிறு

வெளியீடு, சேர்ச் மண்டபத்தில். எழுதாமல் விட முடியாது, எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

நஸீறா ராத்தா இரண்டு ஓட்டோவில் வந்தா, தெருப் பெண்கள் ஏழு பேரோடு. புதிதாய்த் தைத்த கடல்பச்சை அபாயா. நான் பின்னால் கதிரைகளுக்கு இடையில் ஒளித்துக்கொண்டேன், இல்லாத வேலையைச் செய்துகொண்டு. புத்தகம் கைக்கு வந்ததும் ஏழு பேரும் ராத்தாவின் தலைக்கு மேலால் குனிந்தார்கள். நடுப்பக்கம் தானாக விரிந்தது. பின் அடித்த புத்தகம் அப்படித்தான் விரியும்.

"எங்க கா நீ?" என்று ஒருத்தி கேட்டாள்.

ராத்தா அடுத்த பக்கம் புரட்டினா. திரும்ப முன்னுக்கு வந்தா. அட்டையிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கடைசிவரை போனா. அவசரப்படாமல், விரல் வைத்து. பிறகு நடுப்பக்கத்து அடிவரியை வாசித்தா. அதே நேரம் மேடையில் கிருஷாந்தினி, "அவவின் விருப்பத்தை நாங்கள் மதிக்கிறோம்" என்று சொல்ல, மண்டபம் கைதட்டியது.

ராத்தா என்னைத் தேடினா. கண்டா. ஒரு கேள்வியும் இல்லாத பார்வை. ஏசுவது போல் பார்த்திருந்தால் நான் இப்படி இருக்க மாட்டேன்.

முதல் தடவையாக ஆண்கள் பெண்கள் ஒன்றாக இருக்கும் மண்டபத்தில் இரண்டு நிமிடம் பாட ஒத்துக்கொண்டிருந்தா. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "தொண்ட சரியில்ல" என்று கையை ஆட்டினா.

20 மே, செவ்வாய்

ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். மணி அடிக்குமுன் வெட்டினேன். மூன்று தடவை.

29 மே, வியாழன்

ஹிமாயா அச்சகத்துக்கு வந்தாள், பழைய பரீட்சைத் தாள்களைப் போட்டோகொப்பி எடுக்க. என்னைக் கண்டதும் சலாம் சொன்னாள். உம்மா எப்படி என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உம்மா நல்லம். வாப்பாதான் கோல் எடுக்கிறல்ல."

ஏன் என்றேன். தெருவில் எல்லாரும், புருசன் விடவில்லை, அதுதான் பூ போட்டிருக்கிறார்கள் என்று கதைக்கிறார்களாம். அது கட்டார்வரை போய், அவரோடு வேலை செய்கிற ஊர்ப் பெடியன்கள் கேலி பண்ணியிருக்கிறார்கள்: பெருசாப் போடுங்க எண்டு எங்களுக்குப் படம் காட்டினீங்க, மறுகா நீங்கதானாம் தடுத்த. அவர் ராத்தாவிடம், "நான் ஓமெண்டு சொல்ல நீ வேணாமெண்டு என்ட பேரக் கெடுத்திட்டாய்" என்று சொல்லிவிட்டு வைத்தவர்தான்.

"உம்மா சொல்லல்லயா, தான் வேணாமெண்டு சொல்லல்ல எண்டு?"

"சொன்னா. வாப்பா நம்பல்ல. புத்தகத்துல போட்டிரிக்கே."

புத்தகத்தில் போட்டிருக்கே. நான் தட்டச்சு செய்த வரி.

கொப்பிகளை அடுக்கிக்கொண்டு போகும்போது திரும்பி நின்றாள். "படம் நல்லா வரல்லயா ராத்தா? உம்மா அப்பிடித்தான் நினைக்கிறா. வயசு போன மூஞ்சி, அதான் எடுத்துட்டாங்க எண்டு."

நான் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பிறகு வெளியே வந்து ஒரு கலியாண அட்டை முடித்தேன்.

1 ஜூன், ஞாயிறு

கிருஷாந்தினி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சேர்ச்சால் வந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் ஊற்றுவதை நிறுத்தினாள். முழுவதும் கேட்டாள்.

"அந்த வரிய நான் மேடையில வாசிச்சனே, ஜெனூ" என்றாள். வேறு ஏசவில்லை.

"நீங்கதான் போய்ச் சொல்லணும். நான் கூட வரமாட்டன்."

தேநீர் தரவில்லை. மறந்தாளோ, மறுத்தாளோ, இரண்டும் நியாயம்.

10 ஜூன், செவ்வாய்

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துப் போகலாம் என்று ஒன்பது நாள் கடத்தினேன். பெருநாளும் போய்விட்டது. இனிச் சொல்ல நாளில்லை.

அந்த இடது பக்கத்தை, ராத்தா இருக்கிற பக்கத்தை, நல்ல தாளில் கலரில் எடுத்துக்கொண்டு போனேன். ராத்தா தையல் மெஷினை நிறுத்தி வாங்கினா. தூரப் பிடித்துப் பார்த்தா, கிட்டப் பிடித்துப் பார்த்தா. மச்சத்தில் விரல் வைத்தா.

"நல்லாத்தான் வந்திரிக்கி" என்றா. "அப்ப ஆரு வேணாமெண்ட?"

"ஒருத்தரும் இல்ல ராத்தா."

"ஒங்கட முதலாளியா?"

"இல்ல."

"பள்ளிவாசலால ஏதும் சொன்னாங்களா?"

"இல்ல."

"ஒங்கட வாப்பா?"

"அவருக்கு இன்னும் தெரியாது."

"மறுகா?"

பிறகு ஏன் என்கிற அந்த 'மறுகா'வுக்கு, பயம் என்றேன். யாருக்கு என்று கேட்டா. தெரியவில்லை. நான் அழத் தொடங்கினேன். ராத்தா அழவிட்டா. சமாதானம் சொல்லவும் இல்லை, தண்ணீர் கொண்டுவரவும் இல்லை.

அடுத்த இதழில் நடுப்பக்கத்தில், அதே படத்தை, மன்னிப்போடு போடுகிறேன் என்றேன். தலையை ஆட்டினா.

"வேணாம். அவர் மனசு நெறஞ்சி ஓமெண்ட நேரம் வந்திரிக்கணும். இப்ப போட்டா, சண்ட புடிச்சிப் போட்ட படம். எனக்கு அது ஏலா."

பிறகு என்னை நேரே பார்த்தா. "ஒங்கட படத்தப் போடுங்க. பெருசாப் போடுங்க. போட்டு, ஆர் செஞ்ச எண்டு எழுதுங்க. என்ட வீட்டுக்காரர்ர பேரு சுத்தமாகணும். எனக்கு அது போதும்."

அந்தத் தாளைத் திருப்பித் தர வேண்டாம் என்றேன். "தாறதா ஆர் சொன்ன?" என்று அலுமாரிக்குள் வைத்தா.

6 ஜூலை, ஞாயிறு

கிருஷாந்தினி என்னைப் படம் எடுத்தாள். அவள் வீட்டு முற்றத்தில், ஆறு படம். "சிரிக்க வேணாம்" என்றாள். சிரிக்கிற எண்ணம் எனக்கும் இல்லை. எங்களுக்குள் இப்போது வேலைக் கதை மட்டும்தான். பக்கம், எழுத்தளவு, திகதி.

14 ஜூலை, திங்கள்

என் முகத்தை என் திரையில் வைத்து வேலை செய்வது என்ன கேடு. கண்ணுக்குக் கீழ் கறுப்பை அழித்தேன். மூக்கோரத்துப் பருவை அழித்தேன். பிறகு எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்தேன். ராத்தாவின் முகத்தை நான் தொடாமல் வைத்திருந்தது எவ்வளவு நல்ல காரியம் என்று நினைப்பு வந்தது. அடுத்த கணமே, முழு முகத்தையும் தூக்கி எறிந்தவள் பேசுகிற பேச்சா இது என்று வந்தது.

எழுதியது இவ்வளவுதான்: "சென்ற இதழின் நடுப்பக்கத்தில் பாடகி நஸீறாவின் படத்தை நீக்கிப் பூவை வைத்தவள் நான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரது கணவர் தடுக்கவில்லை. பெரிதாகப் போடும்படி கேட்டவரே அவர்தான். வேறு எவரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானாகப் பயந்து செய்தேன். ஆசிரியரிடம் பொய்யும் சொன்னேன். ஜெனூபா, வடிவமைப்பு."

22 ஜூலை, செவ்வாய்

அச்சுக்குப் போகுமுன் வாப்பாவிடம் காட்டவேண்டும் என்று மூன்று நாளாகத் தாளைப் பையிலேயே கொண்டு திரிந்தேன். இன்று காலைச் சாப்பாட்டின்போது புரூஃபை அவர் முன்னால் வைத்தேன். முழுவதும் வாசித்தார். படத்தைப் பார்த்தார். ரொட்டியைப் பிய்த்தார்.

"கண்ணாடியக் கழட்டிட்டு எடுத்திரிக்கலாமே மகள்."

அவ்வளவுதான் சொன்னார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்தப் பேய்க்காகவா நான் ராத்தாவின் வீட்டை உடைத்தேன்? உள்ளே யாருமே இல்லாத வெறும் இருட்டுக்காகவா? வாப்பா அடித்திருந்தால்கூட, பார்த்தீர்களா பயப்படக் காரணம் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

2 ஆகஸ்ட், சனி

இரண்டாம் இதழ் வந்தது. நடுப்பக்கம், இடது பக்கம், நான். ஓரம் விடாமல்.

4 ஆகஸ்ட், திங்கள்

ஹிமாயாவின் வட்ஸ்அப்: "வாப்பா கோல் எடுத்தார். ஒரு மணித்தியாலம் கதைச்சார்."

அல்ஹம்துலில்லாஹ். வேறு எதுவும் எழுத இல்லை.

9 ஆகஸ்ட், சனி

எனக்குப் பாராட்டு வருகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட, துணிச்சல், நேர்மை, முன்மாதிரி என்று எத்தனையோ பேர். ஒரு பெண்கள் அமைப்பு பேச வரச் சொல்கிறது. முதலாளி பிரதியை முன்மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கு விரலால் காட்டுகிறார். திருடியவள் திருட்டை ஒத்துக்கொண்டதற்கு மாலை போடுகிறார்கள், பறிகொடுத்தவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பேச வரமாட்டேன் என்று பதில் அனுப்பினேன். அதற்கும், எவ்வளவு அடக்கம் என்றார்கள்.

15 ஆகஸ்ட், வெள்ளி

மூன்றாம் இதழுக்குக் கிருஷாந்தினி இன்னொரு தரம் ராத்தாவிடம் கேட்டிருக்கிறாள். ஹிஷாமும் போனில் சொன்னாராம், போடு என்று. ராத்தா சிரித்துவிட்டு, "பாடக் கூப்பிடுங்க, வாறன். படம் முடிஞ்சி" என்றாவாம். கிருஷாந்தினி இதை எனக்குச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஆனால் தேநீர் ஊற்றித் தந்தாள்.

27 ஆகஸ்ட், புதன்

வாப்பாவின் கண்ணுக்குக் கிளினிக். எண்பத்தாறாம் இலக்கம். காத்திருக்கிற வாங்கில் பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா. மருதமுனையாம்.

"அந்தப் பாட்டுப் புத்தகத்துல வந்த புள்ளதானே நீங்க?"

"ஓம்."

"கண்டதும் புடிச்சிட்டன். படத்துல இரிக்கிற மாதிரியேதான்." என் கையைத் தட்டிக்கொடுத்தா. "நல்ல வேல செஞ்சீங்க மகள். பிழைய ஒத்துக்கொள்ள இந்தக் காலத்துல ஆரு இரிக்கா? அந்தப் பாடுற பொம்புள, அவட பேரு என்ன? மறந்து போச்சி."

நஸீறா என்றேன். சாய்ந்தமருது என்றேன்.

"ஓமோம், நஸீறா. ஆள் எப்பிடி இரிப்பா? வழியில கண்டாச் சலாம் சொல்லலாமெண்டுதான்."

சொல்லத் தொடங்கினேன். உயரம் சொன்னேன், நிறம் சொன்னேன். அவ தலையை ஆட்டிக்கொண்டு கேட்டா, ஒன்றும் பிடிபடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கன்னத்து மச்சத்தைச் சொல்ல வந்தேன், அதற்குள் வாப்பாவின் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.